பங்க் பலகை அசையவில்லை, பணம் யார் கட்டியது?

எண்ணெய் எடுக்கும் நாடு எதிலாவது கலவரம், குண்டுவீச்சு என்று செய்தி வந்தால் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் எழும் கேள்வி ஒன்றுதான்: "பெட்ரோல் ஏறுமா?" 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோதும் இதையேதான் கேட்டார்கள். பன்னிரண்டு நாள் சண்டை. நடுவில் ஹார்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றமே ஆதரவு தெரிவித்தது. 69 டாலராக இருந்த ஒரு பேரல் கச்சா எண்ணெய் 79 டாலர் பக்கம் போனது, சண்டை நின்றதும் மடமடவென்று இறங்கியது. இத்தனை ஆட்டத்திலும் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சத்தில் நின்ற இடத்திலேயே நின்றது.

"அப்போ அந்தச் சண்டையால நமக்கு ஒண்ணும் ஆவல, இல்ல சார்?" என்றார் மண்ணூர்பேட்டைப் பக்கம் குட்டி யானை லோடு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒரே சொல்லில் பதில் சொன்னால் தப்பாகிவிடும். பங்க் பலகை அசையாத நாளிலும் யாரோ பணம் கட்டிக்கொண்டிருக்கிறார், இல்லையென்றால் யாரோ சேர்த்துக்கொண்டிருக்கிறார். அது யார் என்று தெரிந்தால்தான் நம் கோபமும் சரியான வாசலில் போய் நிற்கும். டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், கொஞ்சம் நேரம் ஆகும்.

"நாமதான் ஈரான்கிட்ட வாங்கறதே இல்லையாமே?"

உண்மைதான். ஈரானிடம் அதிகம் வாங்கிய நாடுகளில் ஒன்றாக இருந்த இந்தியா, அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பதை வைத்து விலை அமைவதில்லை. ஆந்திராவின் மதனப்பள்ளியில் மழை கொட்டித் தக்காளி அழுகினால் கோயம்பேட்டில் பெட்டி விலை ஏறுகிறது. திருவள்ளூர் பக்கத்து விவசாயியின் தோட்டத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, அவர் தக்காளி ஒன்றும் அழுகவில்லை. ஆனாலும் அவரும் அன்றைய கோயம்பேடு விலைக்குத்தான் கொடுப்பார். குறைத்துக் கொடுக்க அவருக்கென்ன தலையெழுத்தா? எண்ணெய்க்கும் உலகம் முழுக்க ஒரே சந்தை. ஈரானிடம் வாங்கியவர்களுக்குச் சரக்கு வராவிட்டால், அவர்கள் நமக்கு விற்கும் சவூதி, இராக் வாசலில் போய் வரிசையில் நிற்பார்கள். விலை எல்லோருக்கும் சேர்ந்தே ஏறும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தக்காளி விலை ஏறினால் பாதியாகக் குறைத்துக் குழம்பு வைத்துவிடலாம். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு லோடு ஏற்றிய வண்டி பாதி வழியில் நிற்க முடியாது. தேவையைச் சட்டென்று குறைக்க முடியாத சரக்கு என்பதால், வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை நிறைய ஏறும்.

இதற்கு ஈரானே பழைய சாட்சி. 1978 கடைசியில் மன்னர் ஷாவுக்கு எதிரான எழுச்சியில் எண்ணெய்த் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 60 லட்சம் பேரலுக்குப் பக்கத்தில் எடுத்துவந்த நாட்டில், 1979 ஜனவரியில் 10 லட்சம்கூட வரவில்லை. சவூதி போன்றவர்கள் கூடுதலாக எடுத்து ஈடுகட்டியதால் உலகத்துக்கு மொத்தத்தில் குறைந்தது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். விலையோ 13 டாலரிலிருந்து இரண்டு, மூன்று வருடத்துக்குள் 34 டாலருக்குப் போய்விட்டது. நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நாடும் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டதுதான் காரணம். 1980-லேயே ஈரானும் இராக்கும் ஒன்றோடொன்று போரில் இறங்கின. பயம் போக நேரமே கிடைக்கவில்லை.

கலவரம் என்று நாம் ஒரே பெயர் வைத்தாலும், அது எண்ணெயைத் தொடும் விதம் நாலு. எது என்று பார்த்துவிட்டாலே, ஏறிய விலை தங்குமா இறங்குமா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலாவது, எடுக்கும் இடத்திலேயே எண்ணெய் நிற்பது. 2011-ல் லிபியாவில் கடாஃபிக்கு எதிராக உள்நாட்டுப் போர் வெடித்தபோது, நாளுக்கு 16 லட்சம் பேரல் எடுத்த நாடு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. உலக உற்பத்தியில் அது இரண்டு சதவீதம்தான். இருந்தாலும் ஏப்ரலில் விலை 120 டாலரைத் தாண்டியது. லிபிய எண்ணெய் கந்தகம் குறைந்த இலேசான ரகம். சவூதி கூடுதலாக எடுத்துத் தந்த கனமான எண்ணெய் அந்த இடத்தை அப்படியே நிரப்ப முடியவில்லை. கடைசியில் ஜூன் மாதம் சர்வதேச எரிசக்தி முகமை நாடுகள் கையிருப்பிலிருந்து 6 கோடி பேரலைச் சந்தையில் இறக்கவேண்டி வந்தது.

இரண்டாவது, எண்ணெய் இருக்கும், வழி ஆபத்தாகிவிடும். பாரசீக வளைகுடாவின் வாசல்தான் ஹார்முஸ் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான் அகலம். அதிலும் பெரிய கப்பல்கள் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோமீட்டர். உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, நாளுக்குச் சுமார் 2 கோடி பேரல், அந்தச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தது. அங்கே பதற்றம் என்றால் முதலில் ஏறுவது எண்ணெய் விலைகூட இல்லை, கப்பலுக்கான போர்க்கால இன்ஷூரன்ஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கப்பலின் விலை 10 கோடி டாலர், இன்ஷூரன்ஸ்காரர் ஒரு தடவை போய்வர ஒரு சதவீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் டாலர். கேட்கவே தலை சுற்றுகிறது. ஆனால் அந்த ராட்சதக் கப்பலில் 20 லட்சம் பேரல் இருக்கும். பேரலுக்கு அரை டாலர், லிட்டருக்குக் கால் ரூபாய்தான் ஆகிறது. இன்ஷூரன்ஸ் நம்மை மூழ்கடிப்பதில்லை. அந்த ஒரு சதவீதத்துக்கும் கப்பல் விட யாருமே தயாரில்லை என்ற நாள் வந்தால் அப்போதுதான் ஆபத்து.

"செங்கடல் பிரச்சனையில எங்களுக்கு அடி விழுந்துச்சு சார்," என்று குறுக்கிட்டார் பக்கத்தில் நின்ற பட்டறைக்காரர். வண்டி பாகம் கடைந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்பவர். விழத்தான் செய்யும். 2023 நவம்பரில் ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கன்டெய்னர் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பத்து, பதினைந்து நாள் கூடுதல் பயணம். சரக்கு தாமதம், பில் தாமதம், பட்டறைக்குப் பணமும் தாமதம். பங்க் பலகையில் இது ஒரு பைசாவாகக்கூடத் தெரியவில்லை. எஸ்டேட்டுக்குள் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் தெரிந்தது.

மூன்றாவது, எண்ணெயும் இருக்கும், வழியும் இருக்கும், வாங்கக்கூடாது என்று தடை இருக்கும். ஈரான், வெனிசுவேலா எண்ணெய் நமக்கு அப்படித்தான் கைவிட்டுப் போனது. ரஷ்யா விஷயத்தில் இது தலைகீழாக நடந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பா விலகிக்கொள்ள, தள்ளுபடியில் கிடைத்த ரஷ்ய எண்ணெயை இந்தியா அள்ளியது. அதற்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, 2023-24-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது.

நாலாவது, உண்மையில் குறைவதைவிடப் பயம் பெரிதாக இருப்பது. 2019 செப்டம்பர் 14-ல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையை ட்ரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. நாளுக்கு 57 லட்சம் பேரல், அந்த நாட்டின் உற்பத்தியில் பாதி, ஒரே நாளில் நின்றது. திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விலை 20 சதவீதத்துக்கு எகிறியது. சில வாரத்தில் ஆலை சரியானது, விலையும் பழைய இடத்துக்கு வந்தது. 2025 ஜூனில் நடந்ததும் இந்த வகைதான். ஏவுகணை பறந்தது, ஆனால் டேங்கர் கப்பல்கள் நிற்கவில்லை.

இதில் நம் சென்னைக்கு ஈரானோடு சொந்தக் கதை ஒன்று உண்டு. பட்டாபிராமிலும் பாடியிலும் உள்ள பங்க்குகளுக்கு லாரியில் வரும் எரிபொருளில் பெரும்பங்கு மணலியில் சுத்திகரித்தது. அந்த ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. பங்காளிகள் மூன்று பேர்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். 1969-ல் வருடத்துக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கியபோது, ஈரானின் தாரியஸ் வயல் எண்ணெயை மனதில் வைத்தே அதை வடிவமைத்திருந்தார்கள். அமோகோ பின்னர் விலகியது. ஷா போனார், புரட்சி வந்தது, போர் வந்தது, தடை வந்தது. ஆலை சென்னை பெட்ரோலியம் (சி.பி.சி.எல்.) ஆனது, திறன் 1 கோடியே 5 லட்சம் டன்னாக வளர்ந்தது. ஈரானிய நிறுவனம் மட்டும் தன் 15.4 சதவீதப் பங்கோடு பங்குதாரர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கிறது.

அதே 1969-ல் கொழும்புக்குப் பக்கத்தில் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலையும் திறந்தது. அதுவும் ஈரானிய எண்ணெய்க்காகவே கட்டியது. 2012-ல் ஈரான் மீது தடை இறுகியபோது இலங்கை திண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ரக எண்ணெய்க்கென்று கட்டிய ஆலையில் வேறு ரகத்தை ஊற்றினால் ஓடும், ஆனால் பெட்ரோல், டீசல் கிடைக்கும் அளவு மாறிவிடும். பல ரகங்களைத் தாங்கும்படி மாற்றிக் கட்டப் பணமும் காலமும் வேண்டும். மணலிக்கு இரண்டும் கிடைத்தன, சபுகஸ்கந்தவுக்குக் கிடைக்கவில்லை.

சரி, கலவரம் விலையை ஏற்றிவிட்டது. அது நம்ம ஊருக்கு எப்படி வந்து சேர்கிறது?

இந்தியா ஒரு நாளைக்குச் சுமார் 55 லட்சம் பேரல் எரிக்கிறது. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2023-24-ல் வாங்கியது ஏறத்தாழ 23 கோடி டன், அதாவது 170 கோடி பேரல். பேரலுக்கு ஒரு டாலர் ஏறி வருடம் முழுக்க நின்றால் நாட்டின் செலவு 14,000 கோடி ரூபாய்க்கு மேல் கூடும். ஒரு பேரல் என்பது 159 லிட்டர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பேரலுக்கு ஒரு டாலர் என்பது லிட்டருக்கு 53 பைசா. பத்து டாலர் ஏறினால் ஐந்து ரூபாய் சொச்சம். நாளுக்கு எட்டு லிட்டர் டீசல் போடும் குட்டி யானைக்கு மாதம் ஆயிரம் ரூபாய்.

2025 ஜூனில் ஏறியதும் ஏறக்குறைய இந்தப் பத்து டாலர்தான். அந்த ஆயிரத்தை ஏன் யாரும் கேட்கவில்லை என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அரசாங்கம் விலையை நிர்ணயித்த காலத்தில், வெளிநாட்டுக் கலவரம் ஜனங்களுக்கு முதலில் தட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்டு, 3 டாலராக இருந்த பேரல் சில மாதத்தில் 12 டாலர் பக்கம் போனபோது, இங்கே பெட்ரோல் விலையும் ஏறியது, ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் வரிசையும் நீண்டது. அந்த நவம்பரில் சிக்கனத்துக்கு முன்மாதிரியாக இந்திரா காந்தி குதிரை வண்டியில் போனார். விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். அன்றிலிருந்து எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் மாட்டு வண்டியைத் தேடுவதும், காலி சிலிண்டருக்கு மாலை போடுவதும் நின்றபாடில்லை. ஆளுங்கட்சி ஆனதும் "சர்வதேச நிலவரம்" என்று சொல்வதும் நின்றபாடில்லை.

1990 ஆகஸ்ட் 2-ல் இராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அடி இரண்டு பக்கமும் விழுந்தது. ஒரு பக்கம் விலை 40 டாலரைத் தாண்டியது. மறுபக்கம், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஒரு பையோடு திரும்பினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் அழைத்துவந்தன. வளைகுடாவில் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் போர்ச் செய்தியைப் பார்க்கும் கண்ணே வேறு. அங்கே "பெட்ரோல் ஏறுமா" என்பது இரண்டாவது கேள்வி. அந்த அக்டோபரில் வி.பி.சிங் அரசு பெட்ரோலியப் பொருட்கள் மீது 25 சதவீத வளைகுடா சர்சார்ஜ் போட்டது. அதுவும் போதவில்லை. 1991 நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. 47 டன் தங்கத்தை பேங்க் ஆஃப் இங்கிலாந்திலும் பேங்க் ஆஃப் ஜப்பானிலும் அடகு வைத்துத்தான் நாடு தப்பித்தது. குவைத் மட்டுமே காரணமில்லை, ஏற்கெனவே கடன் கழுத்துவரை இருந்தது. ஆனால் தள்ளிவிட்ட கை அதுதான்.

பிறகு 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடும், 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் விலகின. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்குப் புது விலை. இனி உலகச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றார்கள்.

ஏறியதெல்லாம் சரியாக ஏறியது. இறங்கியதைத்தான் கவனிக்கவேண்டும். 2020-ல் கொரோனாவால் எண்ணெய் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. அந்த மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாயும், டீசல் மீது 16 ரூபாயும் உயர்த்தியது. விலை இறங்கிய லாபம் பங்க் பலகைக்கு வராமல் கஜானாவுக்குப் போனது. அதே சமயம் மங்களூரு, பாதூர், விசாகப்பட்டினத்தில் பாறையைக் குடைந்து கட்டிய சேமிப்புக் கிடங்குகளைப் பேரலுக்குச் சராசரி 19 டாலர் என்ற மலிவு விலையில் நிரப்பியதும் நடந்தது. அது புத்திசாலித்தனம்தான், மறுப்பதற்கில்லை.

அடுத்தது தேர்தல். 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 137 நாள் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 காசு. ஐந்து மாநிலத் தேர்தல் நடந்தது, நடுவில் உக்ரைன் போர் வெடித்தது, பேரல் 139 டாலரைத் தொட்டுவிட்டு வந்தது. பலகை அசையவில்லை. முடிவுகள் வந்தபின் 2022 மார்ச் 22-ல் ஆரம்பித்து ஏப்ரல் 6-க்குள் சென்னையில் விலை 110 ரூபாய் 85 காசு. மே மாதம் கலால் வரியைக் குறைத்ததும் 102 ரூபாய் 63 காசு. அதன்பின் ஏறக்குறைய இரண்டு வருடம் பலகைக்கு வேலையே இல்லை. 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்னால், இரண்டு ரூபாய் குறைந்தது.

விலை மாறாத அந்தக் காலத்தில் என்ன ஆனது? 2022-ல் எண்ணெய் கம்பெனிகள் நஷ்டத்தைச் சுமந்தன. சமையல் எரிவாயு நஷ்டத்துக்கு மட்டும் மத்திய அரசு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது. பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது, பலகை இறங்கவில்லை. 2023-24-ல் மூன்று அரசுக் கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மேலும் இறங்கியபோது கலால் வரி இரண்டு ரூபாய் கூடியது, அதைக் கம்பெனிகளே ஏற்றுக்கொண்டதால் பலகை அப்போதும் அசையவில்லை.

தம்பியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஜூன் சண்டையில் ஏறிய பத்து டாலரை அவர் கட்டவில்லை. ஏனென்றால் அதற்கு முன் பல மாதமாக இறங்கியதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர் முன்பணமாகக் கட்டி வைத்திருந்ததிலிருந்துதான் அந்தப் பன்னிரண்டு நாள் ஓடியது.

"அப்போ எல்லாம் டெல்லி வேலைதானா?" என்றார் பட்டறைக்காரர். சென்னைக் கோட்டைக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பெட்ரோல் மீது வாட் வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. சதவீதம் இருப்பதால் விலை ஏறினால் மாநிலத்தின் வசூலும் தானாகக் கூடும். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மூன்று ரூபாய் குறைத்தார். தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது ஐந்து ரூபாய். வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்று கணக்குச் சொன்னார். பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவர மத்தியும் தயங்குகிறது, மாநிலங்களும் தயங்குகின்றன. இரண்டு பேருக்குமே இது தினம் பால் கறக்கும் மாடு.

டீ மாஸ்டருக்குக் கவலை வேறு. அவருக்கு வேண்டியது 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். அதன் விலை மாதம் பிறந்தால் மாறும், சவூதி அராம்கோ அறிவிக்கும் மாத விலையை ஒட்டி. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் அப்படியில்லை. சென்னையில் 2022 மே மாதம் ஆயிரம் ரூபாயைத் தாண்டி, 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்டில் ஒரேயடியாக 200 குறைந்தது, 2024 மகளிர் தினத்தன்று இன்னும் 100 குறைந்தது, தேர்தல் முடிந்து 2025 ஏப்ரலில் 50 ஏறியது. ஓட்டு உள்ள சிலிண்டருக்கும் ஓட்டு இல்லாத சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் இது. கமர்ஷியல் சிலிண்டரின் ஏற்றத்தை மாஸ்டர் டீ விலையில் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கிளாஸைச் சின்னதாக்கவேண்டும். எஸ்டேட்டில் இரண்டுமே நடந்திருக்கிறது.

உண்மையில் நம் பலவீனமான இடம் பெட்ரோலைவிட இந்த எரிவாயுதான். நாடு எரிக்கும் சமையல் எரிவாயுவில் 60 சதவீதம் போல இறக்குமதி, அதில் மிகப் பெரும்பகுதி ஹார்முஸ் வழியாக வந்து பழகியது. கச்சா எண்ணெய்க்கு மூன்று ஊர்க் கிடங்கில் 53 லட்சம் டன் இடம் இருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்பதரை நாளுக்கு வரும். கம்பெனிகளின் தொட்டிகளைச் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். எரிவாயுவுக்கு விசாகப்பட்டினத்தில் 60,000 டன் குகை, மங்களூருவில் 80,000 டன் குகை என்று கொஞ்சம்தான். இது தெரிந்துதான் 2025 நவம்பரில் அரசுக் கம்பெனிகள் 2026-க்கு 22 லட்சம் டன் எரிவாயுவை அமெரிக்காவிலிருந்து எடுக்க ஒப்பந்தம் போட்டன. தூரம் அதிகம்தான், ஆனால் அந்தச் சந்துக்குள் நுழையவேண்டியதில்லை.

விலையை அமுக்கி வைத்தால் ஜனங்கள் அமைதியாக இருப்பார்கள் என்பது பல அரசுகளின் கணக்கு. இலங்கையில் 2022-ல் அந்தக் கணக்கு நொறுங்கியது. கையில் டாலர் இல்லை, உக்ரைன் போரால் எண்ணெய் விலை உச்சம், கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜனங்கள் நாள் கணக்கில் பெட்ரோல் வரிசையில் நின்றார்கள். ஜூலை 9-ல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள், சில நாளில் கோத்தபய ராஜபக்ச பதவி விலகினார். கியூ.ஆர். அட்டையில் வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்ட பிறகே வரிசை குறைந்தது. அதே வருடம் ஜனவரியில் கஜகஸ்தானில் இன்னும் விசித்திரம். எண்ணெய் கொழிக்கும் நாடு. ஜானாஓசென் என்ற எண்ணெய் நகரத்தில், நம்ம சென்னை ஆட்டோக்களைப் போல எல்.பி.ஜி.யில் ஓடும் கார்கள் அதிகம். அரசு விலை வரம்பை நீக்கியதும் லிட்டர் 60 டெங்கேயிலிருந்து 120 ஆனது. போராட்டம் நாடு முழுக்கப் பரவியது, அமைச்சரவை விலகியது, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எண்ணெய் நாட்டுக் கலவரம் நம் விலையை ஏற்றுகிறது என்று பார்த்தோம். விலை ஏற்றமே எண்ணெய் நாட்டில் கலவரம் ஆவதும் உண்டு.

எல்லா நாட்டிலும் ஜனங்களின் கோபம் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ஏறும்போது பொங்கும், நிற்கும்போது அடங்கும், இறங்கும்போது தூங்கிவிடும். கட்சிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஏற்றத்தைத் தேர்தலுக்குப் பின்னால் தள்ளுகிறார்கள், இறக்கத்தைச் சத்தமில்லாமல் வரியில் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வரியில் சாலையும் ரேஷன் அரிசியும் வரலாம், அது தனிக் கணக்கு. ஆனால் நம்மைக் கேட்டு எடுப்பதில்லை, எடுத்ததைச் சொல்வதுமில்லை.

அடுத்த முறை எண்ணெய் நாட்டில் குண்டு வெடித்தால், டேங்கர் கப்பல் நிற்கிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது பய விலை, தங்காது. டாலருக்கு ரூபாய் எவ்வளவு என்று பாருங்கள், எண்ணெய் இறங்கினாலும் ரூபாய் சரிந்தால் நமக்கு மிச்சமில்லை. பிறகு செய்தி ஓய்ந்து, பேரல் 60, 65 என்று படுத்துக் கிடக்கும் மாதங்களில், யாரும் பெட்ரோலைப் பற்றிப் பேசாத அந்த நேரத்தில், ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் மனு வாங்க வருபவரிடமும் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: "இறங்கினதுல எங்க பங்கு எவ்ளோ?" ஏறும்போது போடும் சண்டைக்கு "சர்வதேச நிலவரம்" என்ற பதில் தயாராக இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.